தரை இருக்கிறது என்பதற்கு ஒரு சான்றிதழ்

அன்பும் படிப்பும் ஒருசேர அமைந்த மைத்துனிக்கு, உன் அத்தான் எழுதிக்கொள்ளும் கடிதம். நீயும் சகலையும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். எங்கள் நலத்தைப் பற்றி வழக்கமாக எழுதும் வரியை இந்த முறை எழுதக் கை வரவில்லை. உன் அக்கா கட்டிலில் இருக்கிறாள். எங்கள் படுக்கையறைத் தரை பதினோரு சாக்குகளில் கட்டப்பட்டு மாடிப்படி ஓரமாக இருக்கிறது. நான் அதே அறையின் ஜன்னலோர மேஜையில், வலிக்கிற முழங்காலைப் பக்கத்து நாற்காலியில் நீட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போனில் பேசியிருக்கலாமே என்று நீ கேட்பாய். பேசினால் உன் அக்கா காதில் விழும். இடுப்பெலும்புதான் முறிந்ததே தவிர அவள் காதுக்கு ஒரு குறைச்சலும் இல்லை. யாருக்கு எழுதுகிறீர்கள் என்று இதற்குள் இரண்டு முறை கேட்டுவிட்டாள். குடியிருப்போர் சங்கத்துக்கு என்று சொல்லியிருக்கிறேன்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபப்படுவதற்குக் கொஞ்சம் தெம்பு வேண்டும். அது என்னிடம் போன மாதமே தீர்ந்துவிட்டது. நீ நல்ல எண்ணத்தில்தான் செய்தாய். ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தாய், அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள், அவளைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றியது. நானாக இருந்தால் பக்கத்துக் கட்டில்காரியின் குறட்டையைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பேன். நீ கல்லூரியில் பௌதிகம் நடத்துகிறவள், உனக்குத் தெரிந்த வேடிக்கையைச் சொன்னாய்.

"அக்கா, நீ இப்ப இந்தக் கட்டில் மேல படுத்திருக்கேன்னா நினைக்கறே? கட்டிலே முக்கால்வாசி கிடையாது. ஒரு அணுவை எடுத்து விளையாட்டு மைதானம் அளவுக்கு ஊதினேன்னு வை, நடுவில இருக்கற கரு ஒரு கடுகு. அவ்வளவுதான் சரக்கு. மத்ததெல்லாம் காலி!"

"கட்டில் மட்டுமா?"

"எல்லாமே. சுவரு, தரை, நீ, நான், இதோ நிக்கறாரே அத்தான், அவரும் காலி."

உன் அக்கா சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தாள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அந்தச் சிரிப்புக்குத்தான் இன்றுவரை அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு அழைத்து வந்து ஒரு வாரத்தில் பிசியோதெரபிப் பெண் வர ஆரம்பித்தாள். வாரத்துக்கு மூன்று நாள், நீலச் சட்டை, சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிஷம் பிந்தமாட்டாள். எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது, உள்ளே வைத்த தகடும் நன்றாகப் பிடித்திருக்கிறது, இனி காலில் பாரத்தைக் கொடுத்து நின்று பழக வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை எனக்குப் படித்துக் காட்டினாள். வாக்கரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, "எந்திரிங்கம்மா, நான் பிடிச்சுக்கறேன்" என்றாள். உன் அக்கா காலைத் தொங்கப் போட்டாள். கட்டைவிரல் தரையில் படப் போகும் நேரத்தில் வெடுக்கென்று மேலே இழுத்துக்கொண்டாள்.

"என்னம்மா, வலிக்குதா?"

"வலி இல்லை. தரையே இல்லைங்கறாங்க. எதில நிக்கறது?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று அன்றைக்கு விட்டுவிட்டோம். மறுமுறையும் அதே பதில். மூன்றாம் முறை கொஞ்சம் விரிவாகவே சொன்னாள்: தரை ஓட்டை, அதற்குக் கீழே கீழ்வீட்டு வக்கீலின் அறை, அதுவும் காற்று, அதற்கும் கீழே இன்னொரு ஓட்டை, ஆக மொத்தம் மூன்றாம் மாடியிலிருந்து மண் வரைக்கும் நம்பி ஒரு காலை வைக்க இடம் கிடையாது. நாற்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவள் அல்லவா, ஒரு வரியைப் பிடித்தால் விடமாட்டாள். பிசியோதெரபிப் பெண் என்னைச் சமையலறைக்குக் கூட்டிப் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "சார், இன்னும் ஒரு மாசத்துக்குள்ள கால்ல பாரம் வைக்கலைன்னா தசை எல்லாம் சுருங்கிடும், மூட்டு இறுகிடும். அப்புறம் நாங்க தூக்கி நிறுத்தினாலும் நிக்காது. சக்கர நாற்காலிதான்." அதைச் சொன்னபோது ஏழெட்டுப் பேரிடம் சொல்லிப் பழகிய குரல்தான் அவளுக்கு. எனக்குக் கேட்டுப் பழக்கம் இல்லை. அடுப்பை அணைத்தேன்.

நான் நாற்பத்திரண்டு வருஷம் தரை போட்டவன் என்பது உனக்குத் தெரியும். வேறு எந்த வேலைக்காரன் வீட்டிலும் இந்தக் கஷ்டம் வந்திருக்கலாம், தரை போடுகிறவன் வீட்டில் வரலாமா? டாக்டர் பெண்டாட்டி மருந்தை நம்பாவிட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது எனக்கு. சரி, பேச்சில் ஆகாது, செய்து காட்டுவோம் என்று ஒருநாள் காலையில் அவள் கண்ணெதிரில் அறை நடுவில் நின்று குதித்தேன். எனக்கு அறுபத்தைந்து வயது, இரண்டு முழங்காலும் மண்டியிட்டு மண்டியிட்டே தேய்ந்து போனவை. குதித்தேன் என்பது பெரிய வார்த்தைதான். ஆனாலும் ஐந்து முறை குதித்தேன். "பார், ஓட்டை வழியா விழுந்தேனா?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்வதற்குள் அழைப்பு மணி அடித்தது. கீழ்வீட்டு வக்கீல்.

"என்ன சார் நடக்குது இங்க? என் தலைக்கு மேல விளக்கு ஆடுது."

"தரை கெட்டியா இருக்குன்னு வீட்டில காட்டிட்டிருந்தேன்."

"அது தரை உங்களுக்கு. எனக்குக் கூரை. அதுல நீங்க குதிச்சுப் பார்க்கறதா இருந்தா முன்கூட்டியே எழுத்துமூலமா சொல்லணும்."

உள்ளே இருந்து உன் அக்கா குரல் கொடுத்தாள்: "அவர்கிட்ட கேளுங்க, கூரை காலியா இருக்குதான்னு!" வக்கீல் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரித்தார். அவளுக்குத்தான் என்றேன். அவர் நம்பினதாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் உனக்குப் போன் போட்டேன். நீ கிளப்பி விட்டதை நீயே அடக்கு என்று சொல்லி, ஸ்பீக்கரில் போட்டு, கட்டிலில் அவள் பக்கத்தில் வைத்தேன். நீயும் பாவம், வகுப்புக்கு நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டே அரைமணி நேரம் பேசினாய். காலி என்று சொன்னதே தப்பு என்றாய். எலக்ட்ரான் என்பது கடுகைப்போல உருண்டை கிடையாது, மேகத்தைப்போல அணு முழுக்கப் பரவி இருக்கிறது என்றாய். "ஒரே மாதிரி ரெண்டு எலக்ட்ரான் ஒரே நிலையில சேர்ந்து இருக்காது அக்கா. அது இயற்கையோட கண்டிப்பு. உன் கால் தரையை நெருங்கறப்ப, கால்ல இருக்கற மேகமும் தரைல இருக்கற மேகமும் ஒண்ணுமேல ஒண்ணு ஏறப் பார்க்கும். ஏற விடாது. தள்ளும். அந்தத் தள்ளலைத்தான் நாம கெட்டின்னு சொல்றோம்" என்றாய். இவ்வளவும் சொன்னபோது எனக்கு உயிர் வந்தது. முழுசாகப் புரியவில்லை என்றாலும் புரிந்தவரைக்கும் சொல்கிறேன்: தரை நிற்பது சரக்கினால் அல்ல, பிடிவாதத்தினால். அந்தக் கணக்குப்படி உன் அக்காவைவிடக் கெட்டியான பொருள் இந்தக் கட்டடத்தில் கிடையாது. அதோடு நீ போனை வைத்திருக்கலாம். வைத்தாயா? வாத்தியார்களுக்கு ஒரு வியாதி, மணி அடித்த பிறகும் இன்னும் ஒன்று சொல்லித் தருவது. "அதனால பார்த்தியா அக்கா, நாம நினைக்கற அர்த்தத்தில எதுவும் எதையும் தொடறதே இல்லை!" என்று சந்தோஷமாக முடித்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாய்.

போன் அணைந்தது. அப்புறம் உன் அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப முப்பத்தெட்டு வருஷமா நீங்க என்னைத் தொட்டதே இல்லையா?"

இதற்கு ஒரு புருஷன் என்ன பதில் சொல்ல முடியும்? பௌதிகப்படி இல்லை என்பதா, இருக்கிறது என்று சொல்லிப் பௌதிகத்தைப் பகைத்துக்கொள்வதா? "மருந்து சாப்பிட்டியா?" என்று கேட்டேன். அவள் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இனி உன்னை நம்பிப் பயன் இல்லை, என் தொழிலை நம்புவோம் என்று முடிவு செய்தேன். எங்கள் வேலையில் தரை காலியா கெட்டியா என்று பார்க்க ஒரே ஒரு வழிதான். கரணையின் கட்டைப் பிடியால் டைலைத் தட்ட வேண்டும். அடியில் சிமென்ட் கலவை முழுசாக நிரம்பியிருந்தால் சுருக்கமாக 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அடியில் வெற்றிடம் இருந்தால் 'டொப்' என்று பானையைத் தட்டினாற்போல் கேட்கும். டொப் என்று கேட்ட டைலை விட்டுவைக்கக் கூடாது. இன்றைக்கு இல்லாவிட்டாலும் என்றைக்காவது ஒருநாள் ஒரு கட்டில் காலோ ஒரு பீரோவோ அதை உடைத்துவிடும். என்னிடம் வேலை கற்றவர்கள் தட்டிப் பார்க்காமல் ஒரு அறையைவிட்டு வெளியே வந்ததில்லை. கூலி வாங்கின பிறகு தட்டிப் பார்த்து, ராத்திரியோடு ராத்திரியாகப் பெயர்த்து மறுபடி போட்டுக் கொடுத்தவன் நான். ஆகவே கரணையோடு மண்டியிட்டேன். "காதைக் கொடுத்துக் கேள்" என்று உன் அக்காவிடம் சொல்லிவிட்டு வாசலோரத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு வந்தேன். டக். டக். டக். முதல் வரிசை முழுக்க டக். இரண்டாம் வரிசை டக். உன் அக்கா தலையணையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு கேட்டாள், அவள் முகத்தில் ஒரு நம்பிக்கைகூடத் தெரிந்தது. மூன்றாம் வரிசை டக். நாலாம் வரிசையில் கட்டிலுக்கு நேராக, அவள் இறங்கினால் முதல் அடி எங்கே வைப்பாளோ அந்த டைல்.

டொப்.

"அது என்ன சத்தம்?"

"எது?"

"இப்ப வந்துச்சே."

"இருமினேன்."

"தரையா இருமிச்சு?"

நான் போட்ட தரை, மைத்துனி. வாடகை வீடு இல்லை, வேறு ஆள் போட்டதும் இல்லை. பதினாறு வருஷத்துக்கு முன்னால் என் கையால் கலவை குழைத்து, என் கையால் ரசமட்டம் வைத்துப் பார்த்து, இரண்டு நாளில் முடித்த அறை. பதினாறு வருஷம் அதன்மேல் நடந்திருக்கிறேன், ஒரு நாளும் தட்டிப் பார்க்கவில்லை. ஊரான் வீட்டுக்கெல்லாம் தட்டினவன் சொந்த வீட்டுக்குத் தட்டவில்லை. என்னால் அதை அப்படியே விட முடியவில்லை. ஒரு டைலைப் பெயர்த்தால் பக்கத்து டைலின் ஓரம் தெறித்தது. அதை எடுத்தேன். அதற்கு அடுத்தது டொப். அந்த ஜாதி டைல் இப்போது எங்கேயும் வருவதில்லை என்று கடைக்காரர் சொன்னார், ஆகவே ஒன்றிரண்டை மட்டும் மாற்ற வழியில்லை, முழு அறையையும் எடுத்தாக வேண்டும். கட்டில் நிற்கும் பாதியை விட்டுவிட்டு இந்தப் பாதியை முழுக்க உடைத்தேன். வக்கீல் நாலு முறை வந்தார், நாலாம் முறை எழுத்துமூலம் வந்தார். மூன்று நாளாக உன் அக்கா இருமுகிறாள், அது தூசியால் வந்த நிஜமான இருமல். தரை இருக்கிறது என்று காட்டக் கிளம்பி, இருந்த தரையையும் இல்லாமல் ஆக்கிவிட்டேன். பிசியோதெரபிப் பெண் நேற்று வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டு, "நீங்களே இப்படிப் பண்ணினா நான் என்ன சார் பண்றது?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனாள். இன்று விடிந்ததும் கட்டிலுக்கும் இந்த மேஜைக்கும் நடுவில் மட்டம் பிடித்துப் புதுக் கலவை கொட்டித் தேய்த்திருக்கிறேன். இறுக ஒரு நாள் ஆகும். அதுவரை சுவரோரமாகச் செங்கல்மேல் ஒரு பலகை, அதில் நான் மட்டும் போய் வருகிறேன்.

இத்தனையும் எழுதிவிட்டேன், எழுத வேண்டியதை இன்னும் எழுதவில்லை. மண்டியிட்டுத் தட்டியபோதெல்லாம் எனக்கு உன்னிடம் கேட்க ஒரு கேள்வி இருந்தது. எலும்பும் காலி, தரையும் காலி என்கிறாய். காலி போய்க் காலிமேல் விழுந்தால் எதற்கு முறிய வேண்டும்? நீ சொன்ன பதில்தான் அதற்கும் பதில் என்று எனக்கே தெரிகிறது. ஏற விடாது, தள்ளும். தரை உன் அக்காவைத் தள்ளியது. அந்தத் தரையைப் போட்டது யார்?

அவள் விழுந்த இடம் சமையலறை நடைபாதை. அங்கே போட்டிருப்பது ஒரு பெரிய ஹோட்டல் வரவேற்பறை வேலையில் மிச்சமான டைல், கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. முகம் பார்த்துத் தலை சீவலாம். வீணாகப் போகிறதே என்று வீட்டுக்குத் தூக்கி வந்தேன். போட்ட அன்றே உன் அக்கா சொன்னாள், "தண்ணி சிந்தற இடம், வழுக்குமே" என்று. சொரசொரப்பான டைலே போதும் என்று இரண்டு முறை சொன்னாள். எனக்கு வேலையில் யாரும் குறை சொல்லக் கூடாது. "வழுக்கினா நான் பொறுப்பு" என்றேன். ஏழு வாரத்துக்கு முன்னால் தண்ணீர்க் குடத்தோடு அவள் விழுந்த சத்தம் கேட்டு ஓடினேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தவள் என்னைப் பார்த்து முதலில் கேட்டது, "டைல் உடைஞ்சுடுச்சா?" நான் குனிந்து பார்த்து, "இல்லை" என்றேன். மைத்துனி, அந்த இடத்தில் நான் சொன்னது அது ஒன்றுதான். டைலைப் பார்த்துவிட்டு இல்லை என்று சொன்னேன். ஆம்புலன்சில் சொல்லவில்லை, ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. அவள் விழுந்தது என்னால். அவள் எழுந்திருக்காவிட்டால் அதுவும் என்னால்தான். பொறுப்பு என்று வாய் கிழியச் சொன்னவன், அந்தப் பொறுப்பு வந்து நின்றதும் வாயை மூடிக்கொண்டு வீடு முழுக்கத் தட்டிக்கொண்டு அலைகிறேன்.

சரி, போகட்டும். வயசான காலத்தில் இதையெல்லாம் உனக்கு எழுதிப் பாரத்தை ஏற்றுகிறேன். நான் கேட்பது சின்ன உதவி. உன் கல்லூரியின் பெயர் அச்சிட்ட தாளில், துறைத் தலைவர் கையெழுத்தோடும் முத்திரையோடும், "இந்த வீட்டின் தரை கெட்டியாக உள்ளது, நம்பி நிற்கலாம்" என்று ஒரு சான்றிதழ் எழுதி அனுப்பு. எலக்ட்ரான், மேகம் எதுவும் அதில் வேண்டாம். தொடுவது, தொடாதது பற்றி ஒரு எழுத்தும் கூடாது. உன் அக்காவுக்கு வாயால் சொன்னால் நம்பிக்கை வராது, அச்சில் பார்த்தால் வரும். பிழை இல்லாமல் அச்சிடச் சொல். ஒரு பிழை கண்ணில் பட்டால் அதைத் திருத்த உட்காருவாளே தவிர எழுந்து நிற்கமாட்டாள். பிசியோதெரபிப் பெண் சொன்ன ஒரு மாதத்தில் இரண்டு வாரம் ஏற்கெனவே போய்விட்டது என்பதை மறந்துவிடாதே.

சகலைக்கு என் அன்பைச் சொல். பிள்ளைகள் நன்றாகப் படித்து, உன்னைப்போல நிறையத் தெரிந்துகொண்டு, உன்னைவிடக் கொஞ்சம் குறைவாகப் பேசி, நீண்ட ஆயுளோடு இருக்கட்டும். அவர்கள் நடக்கும் தரையெல்லாம் சொரசொரப்பாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
நிற்கவும் உட்காரவும் முடியாத உன் அத்தான்

பி.கு.: சான்றிதழ் வேண்டாம். துறைத் தலைவரைத் தொந்தரவு செய்யாதே. மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போட்டிருப்பேன், உன் அக்கா விடவில்லை. இந்தக் கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டுக் கவர் வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆனது. வந்து பார்த்தால் காலையில் கண்ணாடிபோலத் தேய்த்து வைத்த கலவை முழுக்கக் கால்தடம். தொழில் புத்தி, முதலில் வாயில் வந்தது அதுதான்.

"யாரு மிதிச்சது?"

"வீட்டில வேற யார் இருக்கா?"

உன் அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பாதமும் சாம்பல் நிறம். வாக்கர் பக்கத்தில் நின்றது, அதன் கால்களிலும் கலவை. மடியில் இந்தக் கடிதம். இரண்டு கையாலும் வாக்கரைப் பிடிக்க வேண்டியிருந்ததால் கடிதத்தை வாயில் கவ்விக்கொண்டு வந்திருக்கிறாள். முதல் தாளின் மூலையில் நீ பார்க்கும் பல்தடம் அவளுடையதுதான்.

"சங்கத்துக்கு எழுதறவர் எதுக்கு நடுநடுவில கண்ணைத் துடைச்சுக்கறார்னு பார்த்தேன்."

"அது சிமென்ட் தூசி."

"படிச்சுட்டேன்."

அவள் ஒரு வரியின் அடியில் பென்சிலால் கோடு போட்டிருந்தாள். அவள் விழுந்தது என்னால் என்ற வரி. அதற்குக் கொஞ்சம் மேலே, நாள் கணக்கு எழுதிய வரியின் ஓரத்தில், அச்சகத்தில் செய்வதுபோலவே, ஒரு குறிப்பு: 'ஏழு வாரம் அல்ல, ஏழு வாரம் இரண்டு நாள்.'

"இதை என் தங்கச்சிக்கு எழுதத் தெரியுது. என்கிட்ட சொல்லத் தெரியலை. இவர் எப்ப வாயைத் திறப்பார்னு நானும் பார்த்துட்டே இருக்கேன். குதிக்கறார், தட்டறார், உடைக்கறார். அந்த ஒரு வார்த்தை மட்டும் வரலை. நான் விழுந்தப்பவும் டைலைத்தானே பார்த்தீங்க?"

"நீதானே கேட்டே, டைல் உடைஞ்சுதான்னு."

"உங்களைச் சமாதானப்படுத்தக் கேட்டேன்யா!"

பலகைமேல் நடந்து போய் அவள் எதிரில் மண்டியிட்டேன். "வழுக்கிடுச்சு. நீ அன்னிக்கே சொன்னே. என் தப்புதான்" என்றேன். ஏழு வாரம் இரண்டு நாளில் சொல்ல முடியாததைச் சொல்ல மூன்று மூச்சுகூட ஆகவில்லை. அவள் அழுதாள், நானும் கொஞ்சம். அப்புறம் வாளியில் தண்ணீர் கொண்டு வந்து அவள் பாதத்தைக் கழுவினேன். ஈரச் சிமென்ட் தோலைத் தின்றுவிடும், அதனால்தான் கழுவினேன் என்று அவளிடம் சொன்னேன். சரி என்றாள்.

தரை போடுகிறவனுக்குத் தெரிவதை ஒன்று மட்டும் சொல்கிறேன். கட்டிலிலிருந்து மேஜைக்குப் போன தடங்களில் வாக்கரின் கால்கள் இரண்டு விரல் ஆழம் குத்தியிருக்கின்றன, அவளுடைய பாதங்கள் பட்டும் படாமலும் இருக்கின்றன. பாரம் முழுக்கக் கையில். மேஜையருகே ஒரே இடத்தில் நிறைய மிதிபட்டிருக்கிறது, அங்கே நின்றபடியேதான் படித்திருக்கிறாள். திரும்பி வந்த தடங்களில் வாக்கரின் குழி மேலாக நிற்கிறது. பாதம் இரண்டும் குதிகாலிலிருந்து விரல் வரை முழுசாக இறங்கியிருக்கின்றன, வலதும் இடதும் ஒரே ஆழம். அளவுகோல் வைத்துப் பார்த்தேன்.

அணு காலியா இல்லையா என்பது உங்கள் இரண்டு பேர் பாடு. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது என் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு உன் அக்கா மறுபடி எழுந்திருக்கிறாள். கலவை இன்னும் இறுகவில்லை. பலகையைத் தள்ளிப் போடட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றாள். மிதிக்கட்டும், நாளைக்கு வேறு கலவை போட்டுக்கொள்கிறேன்.